அண்ணாமலையின் இசைப் பள்ளிகளும் அவற்றின் அளவுகோல்களும்

கார்த்திகைக் கொடியேற்றம் நெருங்க நெருங்க, திருவண்ணாமலையிலும் அதற்கு வடக்கே வேலூர் சாலையை ஒட்டி வளர்ந்திருக்கும் வேங்கிக்காலிலும் இசை நிகழ்ச்சிகளைப் பற்றிய பேச்சு கூடும். தீபம் முடிந்த கையோடு மார்கழி வந்துவிடும். திருவெம்பாவை ஒலிக்கும் விடியற்காலைகள் தொடங்கும். இப்படி வரவிருக்கும் கச்சேரிகளைப் பழந்தமிழிசை, மரபிசை, சோதனை இசை என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவது இன்று எங்கும் வழக்கமாகிவிட்டது. முதலாவதை வணங்குகிறோம், இரண்டாவதை ரசிக்கிறோம், மூன்றாவதைச் சந்தேகத்தோடு பார்க்கிறோம். இந்தப் பிரிவினை நம் இசைக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. இந்த மலையைச் சுற்றி வழங்கும் ஒவ்வோர் இசைப் பள்ளியும் எதையோ ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காமல் காத்து, மற்றவற்றைக் காலந்தோறும் துணிந்து மாற்றி வந்திருக்கிறது. காத்தது எது, மாற்றியது எது என்று பள்ளிவாரியாகப் பார்த்தால்தான் ஒரு கச்சேரியை எந்தக் கோலால் அளப்பது என்பது விளங்கும்.

மூத்த பள்ளி ஓதுவார்களுடையது. திருஞானசம்பந்தர் இத்தலத்துக்குப் பாடிய பதிகங்கள் இரண்டு. ஒன்றின் பண் நட்டபாடை, மற்றதன் பண் தக்கேசி. நட்டபாடையை இன்று கம்பீர நாட்டையாகவும், தக்கேசியைக் காம்போதியாகவும் பாடுகிறார்கள். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க 48 பிடாரர்களையும், உடுக்கைக்கு ஒருவரையும், கொட்டிமத்தளத்துக்கு ஒருவரையும் அமர்த்தினான் என்று அக்கோயில் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இது ஒழுங்குபட்ட பள்ளியாக இருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அதே மரபு தன் அறுபட்ட இடத்தையும் மறைக்காமல் சொல்கிறது. தேவார ஏடுகள் தில்லையில் கிடைத்தபின் பண்முறை தெரியாமல் போனது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை எருக்கத்தம்புலியூரில் தேடிக் கண்டு பண்ணடைவு செய்தார்கள் என்பது திருமுறைகண்ட புராணம் தரும் செய்தி. அதை வரலாறாக எடுத்தாலும் ஐதிகமாக எடுத்தாலும், இழந்ததை உயிரோடு பாடும் ஒரு குரலிடமிருந்து மீட்டார்கள் என்ற நினைவு அதில் இருக்கிறது. நம் காலத்திலும் அதே வேலை நடந்தது. சென்னைத் தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் நடத்திவந்த பண்ணாராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவார்களும் வித்துவான்களும் எதிரெதிரே அமர்ந்து, எந்தப் பண்ணுக்கு எந்த ராகம் என்று பாடிப்பாடி விவாதித்தார்கள்.

அப்படியானால் இன்று நாம் கேட்கும் நட்டபாடை சம்பந்தர் பாடியதுதான் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் என் பதில். ஐரோப்பாவில் பழைய இசையை மீட்கும் இயக்கம் எழுந்தபோது அவர்கள் கையில் காகிதம் இருந்தது. பாக்கின் மத்தேயு பாடுகளை 1829இல் பெர்லினில் மெண்டல்சன் மீண்டும் அரங்கேற்றினார் என்றால், அதற்குக் குறிப்பேடு இருந்தது. வாசிப்பு முறைதான் தொலைந்திருந்தது. அதனால் அங்கே ஆராய்ச்சியாளர்கள் பழைய கருவிகளைத் திரும்பச் செய்து, பழைய ஒலியைத் தேடினார்கள். நம் நிலை தலைகீழ். குறிப்பேடு இல்லை, பாடும் வாய் இருக்கிறது. ஆகவே நம் பழைய இசைக்கான அளவுகோல் ஒலியின் வயது ஆக முடியாது. ஓதுவார் பள்ளி காத்தது சொல்லை. தாளத்தோடு பாடினால் பண்ணாங்கம், தாளமின்றி விரித்தால் சுத்தாங்கம் என்று இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் சீர் சிதையக் கூடாது, பொருள் முறியும் இடத்தில் மூச்சு எடுக்கக் கூடாது. நல்ல ஓதுவார் சுத்தாங்கமாகப் பாடும்போது ராகப் பிடி சொல்லின் நீளத்துக்கு வளைந்துகொடுக்கும். சொல் ராகத்துக்காக ஒருபோதும் வளையாது. ஒரு தேவாரக் கச்சேரி தேறியதா என்று பார்க்க இந்த ஒன்று போதும். ஒலியின் வயது அளவுகோல் ஆகாது என்பதை யாழின் கதையும் காட்டுகிறது. விபுலாநந்த அடிகள் நூல்களையும் கணக்கையும் கொண்டு யாழை ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். இன்று சென்னையில் இளைஞர்கள் யாழைச் செய்து மேடையில் வாசிக்கிறார்கள். அது பழைய இசையா, சோதனை இசையா? இரண்டும்தான்.

ஆனால் திருவண்ணாமலைக்கே உரிய பள்ளி திருப்புகழ்ப் பள்ளி. அதில் சற்று நின்று பேச வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதரை இவ்வூர் தன் பிள்ளையாகவே கொண்டாடுகிறது. கம்பத்திளையனார் சந்நிதியும் கிளி கோபுரமும் அவர் பெயரோடு சேர்ந்தே நினைக்கப்படுகின்றன. சந்தம் அவருக்கு முன்பே இருந்தது, சம்பந்தரிடமே இருந்தது. ஆனால் அதை இவ்வளவு தூரம் கொண்டுசென்றவர் வேறொருவர் இல்லை. வடசொல்லைத் தயங்காமல் கலந்தார். ஒரே சந்தத்தை மும்முறை அடுக்கி, அடியின் கடைசியில் தொங்கலைக் கோத்தார். அவருடைய காலத்தில் இது எவ்வளவு பெரிய சோதனை! இந்தப் பாடல்கள் சிதறிக் கிடந்தபோது தேடித் தொகுத்தவர் வ.த. சுப்பிரமணிய பிள்ளை. முதல் பகுதி 1894இல் அச்சேறியது. அவர் மகன் செங்கல்வராய பிள்ளை உரை எழுதினார். இன்று 1,300க்கும் மேற்பட்ட பாடல்கள் நம் கையில் இருக்கின்றன. அவற்றுக்கு அருணகிரியார் எந்த மெட்டைப் போட்டார் என்பதற்கு எழுத்துச் சான்று கிடையாது. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை கச்சேரி மேடையில் கடினமான தாளங்களில் திருப்புகழ் பாடினார். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் அதைப் படித்திருவிழாவிலும் பஜனையிலும் வளர்த்தார். தில்லியில் ஏ.எஸ். ராகவன் மெட்டமைத்துக் கூட்டுவழிபாடாகப் பரப்பினார். மூன்று வழியிலும் ராகம் வேறு, சூழல் வேறு. மாறாதது சந்தம் மட்டும்.

அந்தச் சந்தத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். முத்து என்பது ‘தத்த’. பந்து என்பது ‘தந்த’. பாட்டு ‘தாத்த’, பாங்கு ‘தாந்த’. தாளக் கணக்கில் முத்தும் பந்தும் ஒன்றே. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தால் கைத்தட்டு பிசகாது. ஆனால் சந்தம் கெட்டுவிடும். வல்லொற்று அடித்து நிற்கிற இடத்தில் மெல்லொற்று முழங்கக் கூடாது. வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் 19ஆம் நூற்றாண்டில் வண்ணத்தியல்பு என்று தனியே ஓர் இலக்கணமே எழுத வேண்டியிருந்தது இந்த நுட்பத்தால்தான். தாளத்தைவிட நுண்ணிய அளவுகோல் ஒன்று எழுத்தின் ஓசைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே திருப்புகழை கிதாரோடு பாடினாலும் மேற்கத்திய டிரம்ஸோடு பாடினாலும் எனக்குக் குறை இல்லை. வேகம் காட்டும் ஆசையில் ‘த்த’வை விழுங்கிப் பாடினால், பக்கத்தில் தம்புரா மீட்டிப் பயனில்லை. மரபுக் கச்சேரிகளிலேயே இந்தக் குறை மலிந்திருக்கிறது. சோதனைக்காரர்களை மட்டும் கடிந்துகொள்வது நியாயம் ஆகாது.

மேளப் பள்ளிக்கு வருவோம். சுவாமி புறப்பாட்டில் தவில் அலாரிப்பு முடிந்ததும் நாகசுரம் மல்லாரியை எடுக்கும். மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. கம்பீர நாட்டையில் வெறும் சொற்கட்டு. அதை மூன்று காலத்திலும் வாசிக்க வேண்டும். தேர் மல்லாரி வேறு, தீர்த்த மல்லாரி வேறு, தளிகை மல்லாரி வேறு. கேட்டவுடனே, கோயிலுக்கு வெளியே நிற்பவருக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். தவில்காரரின் வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் கழி. நாகசுரத்தின் கழுத்தில் மாற்றுச் சீவாளிகள் தொங்கும். பார்த்தால் எல்லாம் ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று தோன்றும். உண்மை அதுவல்ல. முன்பு பெரிதும் வழங்கியது உயர்ந்த சுருதியுடைய குட்டையான திமிரி. அதில் சுத்த மத்தியமம் சரியாகப் பேசவில்லை என்ற குறையைத் தீர்க்க, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து நீண்ட பாரி நாகசுரத்தை உருவாக்கினார். அந்தக் கருவிதான் இன்று மரபு; 2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. திமிரியின் வீதியளாவிய கூர்மையில் ஒரு பங்கு போனது. ராகத்தை விஸ்தாரமாக வாசிக்கும் வசதி வந்தது. இழப்பும் உண்டு, வரவும் உண்டு. ஆனால் மல்லாரியின் கால அளவும் புறப்பாட்டோடு அதற்குள்ள உறவும் அப்படியே நின்றன. அதனால் அந்தச் சோதனை மரபுக்குள் சேர்ந்தது.

இம்மாவட்டத்தின் கூத்துப் பள்ளியைச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இசை விழாக்காரர்கள் அதை எப்போதும் விட்டுவிடுகிறார்கள். செய்யாறு வட்டத்துப் புரிசையில் கண்ணப்ப தம்பிரான் வளர்த்த தெருக்கூத்து, முகவீணையும் மிருதங்கமும் தாளமும் கொண்டு விடியவிடிய நடப்பது. ஆர்மோனியம் இடையில் வந்து சேர்ந்தது. ஒலிபெருக்கி இல்லாத இரவுகளில் உருவான அந்த உச்சக் குரலும், அதைத் தாங்கிப் பிடிக்கும் பின்பாட்டும்தான் அதன் உயிர். ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையோடு சேர்ந்து புரிசைக்காரர்கள் புதிய நாடகங்களுக்கும் போனார்கள். குரலை விட்டுவிட்டுப் போகவில்லை. கச்சேரி வித்துவான்கள் அந்தக் குரலிலிருந்து கற்க நிறைய உண்டு.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு வரும்: இப்படிக் கதவைத் திறந்துவிட்டால் எதையும் சோதனை என்று கொண்டுவந்து விடமாட்டார்களா? வருவார்கள்தான். ஆனால் நம் இசைக்கு உண்மையான கேடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பல கோயில்களில் தீபாராதனைக்குப் பொத்தானை அழுத்தினால் முழங்கும் மின் மேளம் வந்துவிட்டது. அதில் காலமும் இல்லை, நடையும் இல்லை, தளிகைக்கும் தேருக்கும் வேறுபாடும் இல்லை. அதை யாரும் ஃபியூஷன் என்று குறை சொன்னதில்லை. கோயிலுக்குள் இருப்பதால் மரபு என்றே கடந்துபோகிறோம். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்றாண்டு நாகசுரமும் தவிலும் தேவாரமும் படித்து வரும் பிள்ளைகளின் இடத்தைத்தான் அந்த இயந்திரம் பிடித்துக்கொள்கிறது. இது என்னை வருத்துகிற விஷயம். மறுபக்கம், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் திருப்பாவைக்கு அமைத்த ராகங்கள் ஒரு தலைமுறைக்குள் பழைய பாடம் போலவே ஆகிவிட்டன. சொல் தெளிவாக நின்றது, அதுதான் காரணம். 2005இல் வெளிவந்த இளையராஜாவின் திருவாசகத்தையும் இதே கோலால் அளக்கலாம். திருவாசகத்தை மோகனத்தில் ஓதுவது நம் வழக்கம். அந்த வழக்கத்தை மாற்றியதற்காக நான் குறை சொல்லமாட்டேன். தனிக்குரலில் வரும் இடங்களில் மணிவாசகரின் சொல் உருகுகிறது. கூட்டுக்குரல் ஓங்கும் சில இடங்களில் சொல் பின்னுக்குப் போகிறது. பாராட்டும் குறையும் அங்கே இருக்கின்றன; புடாபெஸ்ட் சிம்பொனி வாசித்தது என்பதில் இல்லை.

ஆகவே வரும் பருவத்தில் இங்கே நிகழ்ச்சி அமைப்பவர்கள் வகை பிரிப்பதை விட்டு, ஒரே மாலையில் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கட்டும். சம்பந்தரின் நட்டபாடைப் பதிகத்தை ஓதுவார் முதலில் சுத்தாங்கமாகவும் பிறகு பண்ணாங்கமாகவும் பாடட்டும். தொடர்ந்து கம்பீர நாட்டை மல்லாரி, முழு மேளத்தோடு, ஒலிபெருக்கி இல்லாமல், திறந்த வெளியில். அதன்பின் இளம் இசையமைப்பாளர் ஒருவர் அதே ச, க, ம, ப, நி ஐந்து சுரங்களில் தாம் செய்த புதிய உருப்படியை வாசிக்கட்டும், கருவி எதுவானாலும் சரி. அழைப்பிதழில் பாடகர் பெயருக்குக் கீழே பண்ணும் தாளமும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். திருப்புகழ் என்றால் சந்தக் குழிப்பும் வேண்டும். வேங்கிக்காலில் குடியேறியிருப்பவர்களில் பலருக்குப் பண் பெயர்கள் பழக்கமில்லாமல் இருக்கலாம். ஆனால் ஓதுவாரின் காந்தாரமும் நாகசுரத்தின் காந்தாரமும் ஒரே மணி நேரத்துக்குள் காதில் விழுந்தால், மூன்றாவதாக வரும் புதியவர் அந்தச் சுரத்தை எப்படிப் பிடிக்கிறார் என்று அவர்களே கவனிக்கத் தொடங்குவார்கள்.