தமிழில் தேடினால் தடுமாறும் கையேடு

மென்பொருள் கையேட்டை யாரும் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிப்பதில்லை. அடையாறில் ஓர் அலுவலகத்தில் நிரல் எழுதுபவர் ஒரு கட்டளையின் பெயரைத் தட்டுவார், வேண்டிய நாலு வரியைப் பார்ப்பார், மூடிவிடுவார். எனவே கையேட்டை வலைப்பக்கமாக்கும் கருவியை மதிப்பிட, பக்கத்தின் அழகைவிடத் தேடலையும் சொல்லடைவையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக ஜார்ஜ் பிராண்டல் உருவாக்கி 2008இல் வெளியிட்ட ஸ்ஃபிங்க்ஸ் இத்துறையில் பரவலாகப் புழங்கும் கருவி. 2016இல் லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களும் அதற்கு மாறத் தொடங்கின. சாதாரண உரைக்கோப்பில் சில குறியீடுகளோடு எழுதினால் போதும். ஒரே மூலத்திலிருந்து வலைப்பக்கம், பிடிஎஃப், மின்னூல் மூன்றும் கிடைக்கும். இல்லாத பகுதியைச் சுட்டினால் எச்சரிக்கும். நிரலுக்குள் எழுதிய குறிப்புகளையே உருவிப் பக்கமாக்கித் தரும். குறிப்பு நிரலின் பக்கத்திலேயே இருப்பதால், நிரலை மாற்றுபவர் அதையும் திருத்த வாய்ப்பு அதிகம்.

ஆனால் இதே வசதி சோம்பலுக்கும் இடம் கொடுக்கிறது. செயற்கூறுகளின் பெயர்ப் பட்டியலை அச்சடித்துவிட்டு அதையே கையேடு என்று நீட்டும் குழுக்கள் உண்டு. எதை எப்போது பயன்படுத்துவது, எங்கே தவறும் என்பதை எந்தக் கருவியும் தானாக எழுதாது. இது எழுதுபவரின் குறை. தமிழுக்கு வரும்போதுதான் கருவியின் குறைகள் வெளிப்படுகின்றன.

முதலாவது தேடல். ஸ்ஃபிங்க்ஸ் சொற்களைப் பிரிக்கும் விதி, பைத்தானின் வழக்கப்படி, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. ‘கோப்பு’ க, ப, ப என்று சிதறுகிறது, ‘காப்பு’ம் அப்படியே. இரண்டும் அதற்கு ஒன்றுதான். இரண்டாவது சொல்லடைவு. யூனிகோடு எண் வரிசையில் ‘ன’ ‘ர’வுக்கு முன்னால் நிற்பதால் ‘நினைவகம்’ முந்தி, ‘நிரல்’ பிந்துகிறது. அகராதி பார்த்துப் பழகிய வாசகர் தவறான இடத்தில் தேடுவார். மூன்றாவது, தமிழ்த் தலைப்புகளின் இணைப்பு முகவரி. ஆங்கிலத் தலைப்பு தன் பெயரிலேயே முகவரி பெறும். தமிழ்த் தலைப்புக்கு வெறும் வரிசை எண்தான். நடுவில் ஒரு பகுதியைச் சேர்த்தால், நண்பருக்கு அனுப்பிய இணைப்பு வேறெங்கோ போய் நிற்கும்.

தமிழில் இதையெல்லாம் யார் படிக்கிறார்கள் என்று கேட்கலாம். கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. ‘எளிய தமிழில்’ என்ற தலைப்பில் நூல்களும் வந்துள்ளன. எழுத ஆளிருக்கிறது, படிக்கவும் ஆளிருக்கிறது. எழுதியதைத் தேடி எடுக்கத்தான் வழி சரியில்லை.

தேடி எடுக்கும் வசதி நமக்குப் புதிதும் அல்ல. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் அரும்பத அகராதி சேர்த்தார். அகரவரிசைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி முன்மாதிரியாக இருக்கிறது.

பரிகாரம் பெரிய வேலையல்ல. புதிய மொழிக்கான தேடல் விதியை இணைக்க ஸ்ஃபிங்க்ஸ் இடம் தருகிறது. ‘கோப்பில்’, ‘கோப்புகளை’ போன்றவற்றின் வேரைக் காண உதவும் ஸ்நோபால் நிரல்தொகுப்பில் 2019 முதல் தமிழும் உண்டு. சொற்பிரிப்பையும் வரிசையையும் திருத்துவது ஒரு மாணவர் குழு ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய பணி. இதை எடுத்துச் செய்யச் சென்னையிலேயே கிண்டியில் ஐஐடியும் கோட்டூரில் தமிழ் இணையக் கல்விக்கழகமும் அருகருகே இருக்கின்றன. அதுவரை தமிழில் எழுதுவோர் ஒவ்வொரு தலைப்புக்கும் தாமே ஓர் ஆங்கில அடையாளப் பெயரிட்டுக்கொள்வது நல்லது. ஸ்ஃபிங்க்ஸைக் கைவிட வேண்டியதில்லை. தமிழ்க் கையேட்டுக்கு அது அப்படியே போதும் என்று நம்பவும் வேண்டாம்.