மறுமுனை 35 ஆக இருக்கட்டும்: தலைமன்னார்க் கரையில் இரண்டு அகலக்கோண லென்ஸ்கள்

அகலக்கோண லென்ஸ் வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, "எத்தனை மில்லிமீட்டர் வரைக்கும் அகலும்?" என்பதைத்தான். 16 ஐவிட 14 நல்லது, 14 ஐவிட 12 இன்னும் நல்லது என்ற நம்பிக்கை கடைக்காரர்களிடமும் இருக்கிறது. எல்ல, நுவரெலியாப் பக்கம் அந்தக் கணக்கு ஓரளவு சரிவரும். எதிரே மலை எழுந்து நிற்கும்போது எவ்வளவு அகலமாகப் பிடித்தாலும் சட்டகத்தை நிரப்ப ஏதாவது இருக்கும். தலைமன்னாருக்கு அந்தக் கணக்கோடு போனால் வெறும் வானத்தையும் வெறும் மணலையும் கொண்டுதான் திரும்ப வேண்டும்.

மன்னார்த் தீவு படுத்த நிலம். வெளிச்சவீடு, பனை, காற்றாலை, வாடிகளின் கூரை இவற்றை விட்டால் அங்கே நிமிர்ந்து நிற்பது எதுவும் இல்லை. அவையும் பெரும்பாலும் தூரத்தில் நிற்கும். தீவின் தென்கரையில் 2020 இல் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் 30 கோபுரங்கள் உண்டு, 103.5 மெகாவாட் கொள்ளளவு. கண்ணுக்கு அவை ராட்சத உருவங்கள். 16 மி.மீ. லென்ஸில் எடுத்துப் பாருங்கள், மணலில் குத்திய குண்டூசி வரிசையாகிவிடும். காரணம் எளிய கணக்கு. முழுச்சட்டக சென்சரின் உயரம் 24 மி.மீ. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் 100 மீட்டர் உயரமான பொருள் 16 மி.மீ. லென்ஸ் வழியே அந்தச் சென்சரில் 1.6 மி.மீ. உயரமாக மட்டுமே விழும். படத்தின் உயரத்தில் அது பதினைந்தில் ஒரு பங்கு. 35 மி.மீ. இல் அதே பொருள் 3.5 மி.மீ., ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. முதலாவதில் காற்றாலை இருப்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், இரண்டாவதில் அதுவே படம்.

ஆகவே அகலக்கோண ஸூம் லென்ஸைத் தெரிவு செய்யும்போது அதன் சிறிய எண்ணைவிடப் பெரிய எண்ணை நான் கூர்ந்து பார்க்கச் சொல்வேன். 14–24, 16–28, 17–28 என்று நல்ல லென்ஸ்கள் வருகின்றன. தலைமன்னாரில் அவை எல்லாம் படம் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னதாகவே முடிந்துவிடுகின்றன. 35 வரை போகும் லென்ஸ்தான் இங்கே நாள் முழுக்கக் கமராவில் இருக்கத் தகுந்தது.

இந்த விமர்சனத்துக்காகத் தலைமன்னார்க் கரையில் இரண்டு லென்ஸ்களை மாற்றி மாற்றிப் பாவித்தேன். ஒன்று சோனியின் 16–35 மி.மீ. எஃப்/4 பவர் ஸூம், 2022 இல் வந்தது. மற்றது அதே நிறுவனத்தின் 20 மி.மீ. எஃப்/1.8, 2020 இல் வந்தது. முதலாவது 353 கிராம், இரண்டாவது 373 கிராம். எடையில் சகோதரர்கள் என்பதால், எது பைக்குள் போக வேண்டும் என்பதைப் பாரம் தீர்மானிக்காது. படம்தான் தீர்மானிக்க வேண்டும்.

பழைய இறங்குதுறையில் தொடங்குகிறேன். ஊர்க்காரர் "பியர்" என்று சொல்லும் இடம் அது, ரயில் நிலையத்துக்கும் அதே பெயர்தான். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் சேவை தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் இராமேசுவரத்திலிருந்து வந்து போனது. பிறகு போர் அதையும் நிறுத்தியது. இன்று கடலுக்குள் நீண்டு நிற்பது சிதைந்த தூண்களும் துருவேறிய இரும்பும். இந்தப் பகுதியில் கடற்படையினர் இருக்கிறார்கள், கேட்டுவிட்டே படம் எடுக்க வேண்டும். துறையின் அடியிலே நின்று 16 இல் எடுத்தால் கோடுகள் எல்லாம் பாய்ந்து கடலுக்குள் ஓடும், பார்ப்பவரை இழுக்கும் படம் அது. ஆனால் துறையின் கடல்முனை கரைந்தே போய்விடும். பக்கவாட்டில் நடந்துபோய் 28 க்கும் 35 க்கும் இடையில் வைத்தபோதுதான் தூண்களின் சாய்வும் இடைவெளியும், ஒரு தூண் இருந்து மறு தூண் இல்லாத அந்த ஒழுங்கின்மையும் தெரிந்தன. அந்த இடத்தின் கதை அங்கேதான் இருக்கிறது. 20 மி.மீ. லென்ஸால் அதைச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் போகத் தண்ணீர் விடவில்லை, தூரத்தில் நின்றால் துறை சிறுத்துவிட்டது.

16 மி.மீ. வீண் என்று நான் சொல்லவில்லை. வெளிச்சவீட்டின் முன்னே அதன் மதிப்பு தெரியும். உயரமான கட்டடத்தை அடக்கக் கமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் பின்னோக்கிச் சாயும், அகலம் கூடக்கூடச் சாய்வும் கூடும். கமராவை நெடுக்காகத் திருப்பி, அடிவானத்துக்குச் சமமாகப் பிடியுங்கள். அந்த நிலையில் 16 மி.மீ. லென்ஸ் அடிவானத்துக்கு மேலே 48 பாகை வரை பார்க்கும். கோபுரத்தின் உயரத்தளவு தூரத்தில் நின்றாலே உச்சி உள்ளே வந்துவிடும், சுவரும் நேராக நிற்கும். கீழ்ப்பாதியில் மண்டிக் கிடக்கும் மணலைப் பிறகு வெட்டிவிடலாம். இதையே 20 மி.மீ. இல் செய்ய இன்னும் சில அடி பின்னால் போக வேண்டும், அங்கே பெரும்பாலும் ஒரு வேலியோ மரமோ குறுக்கே நிற்கும்.

பள்ளிமுனைப் பெருக்கமரமும் அப்படித்தான். சுற்றளவு ஏறத்தாழ 19 மீட்டர், உயரமோ அதில் பாதியும் இல்லை. குட்டையாய்ப் பருத்து நிற்கும் அந்த மரத்தை 35 இல் தூரத்திலிருந்து எடுத்தால் ஒரு பெரிய புதர்போல வரும். 18 மி.மீ. அளவில் அருகே போய், இடுப்பு உயரத்துக்கு இறங்கி எடுத்தபோதுதான் அடிமரத்தின் பெருக்கமும் தோலின் மடிப்புகளும் தெரிந்தன. அகலக்கோணம் அருகிலுள்ளதைப் பெரிதாக்கும், தூரத்திலுள்ளதைச் சிறிதாக்கும். அருகில் ஒன்று இருந்தால்தான் அந்தக் குணம் உதவும். கரையில் காயும் வலை, மணலில் இழுத்துப் போட்ட வள்ளத்தின் அணியம், உப்புப் படிந்த கயிறு, அரித்து வெளியே வந்த பனைவேர் எல்லாம் அந்த அருகுப் பொருள்கள். வள்ளத்துக்குப் பக்கத்தில் நிற்பவரைச் சட்டகத்தின் ஓரத்தில் மட்டும் வைக்காதீர்கள், முகம் பக்கவாட்டில் இழுபட்டுவிடும். படம் எடுக்க மனமுவந்து நின்றவருக்கு நாம் செய்யும் அவமரியாதை அது.

முன்னே கிடக்கும் கயிறும் அடிவானமும் ஒருங்கே கூர்மையாக வர வேண்டுமா? 20 மி.மீ. இல் எஃப்/8 வைத்து, 1.7 மீட்டரில் குவியுங்கள். ஏறத்தாழ 85 செ.மீ. தூரத்திலிருந்து முடிவிலிவரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். 16 மி.மீ. இல் எஃப்/11 என்றால் 40 செ.மீ. வரை நெருங்கலாம். 35 மி.மீ. இல் அதே எஃப்/8 க்கு இரண்டரை மீட்டருக்குள் எதுவும் இருக்கக் கூடாது. இதைத் தாண்டித் துவாரத்தை எஃப்/16, எஃப்/22 என்று சுருக்கினால் ஒளி விளிம்பில் சிதறி முழுப் படத்தையும் மழுக்கும்.

இனிக் காற்று. மே முதல் செப்டெம்பர்வரை கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தலைமன்னாரில் லென்ஸைக் கழற்றி மாட்டுவது என்பது சென்சருக்கு மணல் ஊட்டுவதுதான். இரண்டு ஒற்றைக்குவிய லென்ஸ்களோடு பயணம் போகும் வழக்கம் மற்ற இடங்களில் எனக்குப் பிடித்தமானது, இங்கே அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஸூம் லென்ஸிலும் ஒரு வேறுபாடு உண்டு. சில லென்ஸ்களில் வளையத்தைத் திருப்பும்போது முன்குழல் வெளியே நீளும், உள்ளே போகும். ஒவ்வொரு முறையும் குழலில் ஒட்டிய உப்புத்தூசியும் கூடவே உள்ளே போகப் பார்க்கும். சோனியின் இந்த 16–35 இல் நீளம் மாறுவதில்லை, அசைவு எல்லாம் உள்ளேயே. டம்ரொன் 17–28, சிக்மா 16–28 இரண்டும் அப்படியே. கடற்கரைக்கு லென்ஸ் தேடுபவர் கடையில் நின்று வளையத்தைத் திருப்பி இதைப் பார்த்துவிட வேண்டும். விளம்பரத் தாளில் கூர்மை வரைபடத்தைப் படிப்பதைவிட முக்கியமான சோதனை.

முன்கண்ணாடியும் அப்படியே. புடைத்த கண்ணாடியோடு வரும் மிக அகன்ற லென்ஸ்கள் பலவற்றில் சாதாரண ஃபில்டரைத் திருகி மாட்ட முடியாது. கண்ணாடி காற்றுக்கு நேராகத் திறந்தே கிடக்கும். 16–35 க்கு 72 மி.மீ. ஃபில்டர், 20 க்கு 67 மி.மீ. ஃபில்டர். மற்ற நாள்களில் பாதுகாப்பு ஃபில்டர் வேண்டாம் என்பது என் கட்சி, இங்கே கட்டாயம் மாட்டுவேன். துணியை எடுக்குமுன் ஊதுகுமிழால் மணலை ஊதிவிடுங்கள். மணலோடு துடைத்தால் கண்ணாடியை அரம் போட்டு ராவியதுபோலத்தான். போலரைசர் தண்ணீரின் பளபளப்பைப் போக்கி அடிமணலைக் காட்டும், ஆனால் அது வானத்தைக் கருநீலமாக்குவது சூரியனுக்குச் செங்குத்தான பகுதியில் மட்டும். 24 க்குக் கீழே அகன்றால் வானத்தின் நடுவில் மட்டும் இருண்ட பட்டை விழும். தலைமன்னாரில் படத்தின் பாதி வானம் என்பதால் அது உடனே கண்ணில் படும்.

பவர் ஸூமைப் பற்றி: கமராவை இயக்கினால்தான் ஸூம் நகரும், கையால் திருப்பிய சட்டென்ற உணர்வு இல்லை. நிலக்காட்சிக்கு அது தொந்தரவே இல்லை. ஓடும் சிறுவர்களை எடுக்கும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். 16 மி.மீ. இல் பீப்பாய் வளைவு அதிகம், மென்பொருள் திருத்தத்தை நம்பித்தான் இதை வடிவமைத்திருக்கிறார்கள். அடிவானம் என்ற ஒரே கோட்டை நம்பி எடுக்கும் இடத்தில் அந்தத் திருத்தத்தை அணைத்துவிடாதீர்கள். லென்ஸுக்குள் நடுக்கத் தடுப்பு இல்லை, கமராவில்தான் இருக்க வேண்டும்.

மணல் திட்டுகளுக்கு, இராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் சொல்லும் அந்தத் தொடருக்கு, உரிய அனுமதியோடு வள்ளத்தில் போவதானால் 35 ஐ விட்டு இறங்க வேண்டியிருக்காது. தண்ணீருக்கு ஒரு மீட்டர் மேலே உட்கார்ந்திருப்பவருக்குத் திட்டு ஒரு மெல்லிய வெள்ளைக் கீற்று. 16 அதைத் துடைத்தெடுத்துவிடும். வங்காலைப் பூநாரைகளுக்கு இந்த இரண்டு லென்ஸ்களும் உதவா, அது வேறு கதை.

இரவில் 20 மி.மீ. தன் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். எஃப்/1.8 துவாரம் எஃப்/4 ஐப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு ஒளியை விடும். பால்வீதியை நட்சத்திரங்கள் கோடாகாமல் எடுக்க ஏறத்தாழ 12 விநாடிதான் கிடைக்கும் என்னும்போது, அந்த ஐந்து மடங்கு பெரிய சொத்து. இரவு வானத்துக்காகவே போகிறீர்கள் என்றால் 20 ஐ எடுங்கள். ரயிலில் வந்து, பகலில் கரையைச் சுற்றி, மாலையில் திரும்புகிறவருக்கு 16–35 தான்.

இரண்டும் மலிவானவை அல்ல, ரூபாயின் இன்றைய நிலையில் இன்னும் எட்டாதவை. கெனன் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவருக்கு 2014 இல் வந்த 10–18 மி.மீ. லென்ஸ் 240 கிராமில் கிடைக்கும், முழுச்சட்டகக் கணக்கில் 16–29. ஆனால் அதற்கும் முன்னால், கமராவோடு வந்த 18–55 ஐ ஒருமுறை தலைமன்னாருக்குக் கொண்டுபோங்கள். அதன் 18 என்பது முழுச்சட்டகத்தில் 29, நான் மேலே புகழ்ந்த எல்லைக்குள்தான் விழுகிறது. எஃப்/8 இல் வைத்து நாள் முழுக்க எடுங்கள். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு படத்தின் குவியத் தூரத்தையும் பாருங்கள். நல்ல படங்களில் பெரும்பாலானவை 18 இல் முட்டி நின்று இன்னும் அகலம் கேட்டிருந்தால் காசைச் செலவழியுங்கள். 22, 25 என்று இருந்தால் ஒரு நல்ல ஃபில்டரும் ஊதுகுமிழும் வாங்கிக்கொண்டு அடுத்த பருவத்துக்கு ரயில் ஆசனம் பதிவு செய்யுங்கள்.