இருபது ரூபாய் சட்டம்

போன வருஷம் அப்பா தவறியபிறகு வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். போனுக்கு விண்ணப்ப எண் வந்துவிட்டது. எத்தனை நாளாகும் என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த தம்பி சொன்னான்: "வந்துருமுங்ணா."

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் வேலையில் டிக்கெட்டை எத்தனை மணி நேரத்தில் முடிக்கணும், முடிக்காவிட்டால் எவ்வளவு கழிப்பார்கள் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். அந்தப் பழக்கதோஷத்தில் சேவை உரிமைச் சட்டங்களைத் தேடி வாசிக்க ஆரம்பித்தேன்.

2010-ல் மத்தியப் பிரதேசம்தான் முதலில் கொண்டுவந்தது. சொன்ன நாளைத் தாண்டினால் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5000. அடுத்து 2011-ல் கர்நாடகத்தின் சகாலா, 2012-ல் கேரளம். கோவையிலிருந்து வாளையாறு தாண்டினால் ஒரு சட்டம், திம்பம் மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் இன்னொரு சட்டம். நடுவில் இருக்கும் நமக்கு 2024 முடியும்வரை ஒன்றும் இல்லை. நாடு முழுக்கப் பொருந்தும் மசோதா ஒன்று 2011 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது, 2014-ல் அவை கலைந்ததோடு காலாவதியானது.

"நம்மகிட்ட குடிமக்கள் சாசனம் இருக்கே" என்பார்கள். இருக்கு. இன்ன சேவைக்கு இத்தனை நாள் என்று போட்டிருக்கும். மீறினால் என்ன என்று மட்டும் இருக்காது. அதை நான் சட்டம் என்று சொல்லமாட்டேன், கல்யாணப் பத்திரிகையில் போடும் முகூர்த்த நேரம் மாதிரி.

இந்தத் தப்பை நாம் ஏற்கனவே ஒருமுறை பண்ணியிருக்கிறோம். தகவல் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997-ல். பெருமைதான். ஆனால் அதில் விதிவிலக்குகள் ஏராளம், தகவல் தராத அலுவலருக்கு அபராதம் கிடையாது. 2005-ல் வந்த மத்திய சட்டம் நாளுக்கு 250, அதிகபட்சம் 25,000 என்று அலுவலரின் சொந்தப் பையைத் தொட்டது. இன்று ஆர்.டி.ஐ. என்றால் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது அந்த 2005 சட்டம்தான். 1997 சட்டம் பொது அறிவுக் கேள்வியாகிவிட்டது.

அப்போ பக்கத்து மாநிலச் சட்டத்தை அப்படியே காப்பி அடித்தால் போதுமா? வாசிக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். சகாலாவில் தாமதத்துக்கு ஈடாக விண்ணப்பதாரருக்குக் கிடைப்பது நாளுக்கு 20 ரூபாய், மொத்தம் 500-க்கு மேல் போகாது. ஒரு நாள் லீவு போட்டுத் தாலுகா ஆபீஸ் போய்வரும் தறி ஓட்டுபவருக்கு அது பஸ், டீ செலவுக்கே பத்தாது. ஆனால் தொகையைவிட எனக்கு உறுத்தியது வேறு. குறித்த காலத்துக்குள் சேவையைத் தரணும், அல்லது காரணம் எழுதி நிராகரிக்கணும். எது செய்தாலும் கடிகாரம் நின்றுவிடும்.

இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. கெடு நெருங்கும்போது "கூடுதல் விவரம் தேவை" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுவோம். மாத அறிக்கையில் நூற்றுக்கு நூறு! (நானும் மூடியிருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன்.)

எங்கள் விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது. முதலில் அம்மாவின் ஆதார் நகல் தெளிவாக இல்லை என்றார்கள். அதைச் சரிசெய்து போட்டதும், அக்காவின் பெயர் கல்யாணத்துக்கு முன் ஒருவிதம், பின் ஒருவிதம் இருக்கிறது என்றார்கள். இரண்டு குறையும் முதல் நாளே அதே தாள்களில் இருந்தவை. இது கர்நாடகமாக இருந்து, இரண்டு தடவையும் கெடுவுக்குள் நிராகரித்திருந்தால், கணக்கில் தாமதமே இல்லை. அம்மாவுக்கோ அந்த நாலு மாசமும் அப்பாவின் பேங்க் கணக்கு பூட்டியே கிடந்தது.

நமக்கு ஒரு சட்டம் வருவதாக இருந்தால் அபராதத் தொகைக்கு முன்னால் நான் தேடிப் பார்க்கப்போவது ஒரு வரியைத்தான்: குறை இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுதிக் கொடுக்கணும், முதல் தடவை சொல்லாத குறையை வைத்து மறுபடி திருப்பினால் நாள் கணக்கு முதல் விண்ணப்பத் தேதியிலிருந்தே ஓடணும்.