பதில் கடிதம்: டி.ஜி.எஸ். தினகரனின் மரணத்தை முன்வைத்து

2008 பிப்ரவரி 20. ‘இயேசு அழைக்கிறார்’ இயக்கத்தின் நிறுவனர் டி.ஜி.எஸ். தினகரன் சென்னையில் இறந்துபோன செய்தி வந்தபோது நெய்வேலியில் ஒரு டீக்கடையில் தோழர்களோடு நின்றிருந்தேன். “ஊருக்கெல்லாம் சொகம் குடுத்தவரு, தனக்குக் குடுத்துக்க முடியலையே” என்றார் ஒருவர். சிரித்தோம். நானும்தான். அந்தச் சிரிப்பைப் பற்றியதே இக்குறிப்பு.

அன்று மாலை மந்தாரக்குப்பம் பக்கம் போனேன். தெரிந்த அக்கா ஒருவர் அழுதுகொண்டிருந்தார். புருஷன் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி; பையனுக்கு வலிப்பு. டிரங்குப் பெட்டியிலிருந்து ஜெபக் கடிதங்களை எடுத்துக் காட்டினார். “பேர் போட்டு எழுதியிருக்காரு பாரு தம்பி.”

“லட்சக்கணக்கான பேருக்கு அவரே எப்படிக்கா எழுத முடியும்? ஆபீசுல யாராவது எழுதியிருப்பாங்க.”

“அது எனக்குத் தெரியாதா? நான் குடுத்த மனுவுக்கெல்லாம் வேற எவன் பதில் போட்டான்? உங்க சங்கத்துல போட்டாங்களா?”

போடவில்லை.

கடிதத்தில் இருந்தது அவருடைய ஞானஸ்நானப் பெயர். மனுக்களில் இருப்பது சாதிச் சான்றிதழிலுள்ள பெயர். அதில் அவர் இந்து ஆதிதிராவிடர். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியேதான். ஆக, அரசின் சொல்லாடலுக்குள் இல்லாத ஒரு பெண்ணை அவளுடைய சொந்தப் பெயரில் விளித்த ஒரே பிரதி அந்தக் கடிதம்! டீக்கடைப் பகுத்தறிவுக்கு இது எட்டாது.

தினகரன் 1935இல் சுரண்டையில் பிறந்தவர். 1955இல் வேலையின்றி ரயில் பாதையில் சாகப் போனவர், மாமா தடுத்தார். பிறகு ஸ்டேட் பாங்க் வேலை, 1962இல் தரிசனம், 1973இல் இயக்கம். சாட்சி என்கிற இக்கதையாடலில் துயரம் எப்போதும் ஒரு தனி உடலில், ஒரு குடும்பத்தில்தான் நிகழ்கிறது. வேலையில்லாத அந்த இளைஞனைத் தண்டவாளம் வரை தள்ளியது எது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. நான் கேட்ட கூட்டங்களில் கடன், பரீட்சை, வியாதி எல்லாவற்றுக்கும் ஜெபம் உண்டு. 1950 ஆணை பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் விமர்சனம் இதுதான். சுகமளித்தாரா இல்லையா என்பதல்ல.

1986இல் அவர் மகள் ஏஞ்சல் கார் விபத்தில் இறந்தாள். காருண்யா பொறியியல் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டில். தன் மகளைக் காப்பாற்ற முடியாத துக்கத்தை அவர் மேடையில் மறைக்கவில்லை. அந்த அக்காவை அவரோடு பிணைத்தது அற்புதமல்ல, இந்தத் தோல்விதான் என்று எனக்குப் படுகிறது. கண்ணீர் பொதுவில் சிந்தப்பட்டது. நிறுவனமோ மகன் பால் தினகரனின் தலைமைக்குப் போனது. (நம் கட்சிகளைப் பார்த்தவர்களுக்கு இதிலென்ன ஆச்சரியம்!)

2020 ஜூலை 1இல் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. ஆறு பேர் அன்றே செத்தார்கள், பின்னர் மேலும் சிலர். அந்த வாரம் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பையனும் இப்போது காண்ட்ராக்ட் வேலைதான். பாதுகாப்பு கேட்டு மனு எழுத வேண்டுமாம். எழுதி முடித்து, எந்தப் பேர் போடுவது என்று கேட்டேன்.

“சர்ட்டிபிகேட்ல இருக்கறதையே போடு தம்பி” என்றார்.