மதர்போட்டுக்குப் புள்ளி போடுதல்

மதர்போட் ஒப்பீடுகள் பெரும்பாலும் ஒரே முறையில்தான் செய்யப்படுகின்றன. அதே புரொசசர், அதே ரம், அதே எஸ்எஸ்டி; போட்டை மட்டும் மாற்றி மாற்றிப் பூட்டுவார்கள். பிசிமார்க் 10 போன்ற மென்பொருளை ஓடவிட்டு, ஆவணம் எழுதுதல், விரிதாள் கணக்கு, இணையப் பக்கம், காணொளி உரையாடல் என்று அன்றாட வேலைகளுக்குப் புள்ளி போடுவார்கள். கொழும்பு யூனிட்டி பிளாசாவில் புதுசு தேடுபவருக்கும், கிளிநொச்சி நகரில் பாவித்த கணினி பார்க்கும் ஸ்கந்தபுரத்து மாணவருக்கும் அந்தப் பட்டியல்தான் வழிகாட்டி. அது யாருக்கு எவ்வளவு தூரம் உதவும் என்று பார்க்கவேண்டியிருக்கிறது.

முறையின் பலம் அதன் ஒழுங்கில் இருக்கிறது. ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மாறாதிருப்பதால், வித்தியாசம் வந்தால் அது போட்டால் வந்தது என்று துணிந்து சொல்லலாம். மலிவான போட்டில் பெரிய புரொசசரைப் பூட்டினால், அதற்கு மின்னூட்டும் பகுதி சூடேறி, சில நிமிடங்களில் வேகம் இறங்கிவிடும். பெட்டியில் அச்சிட்ட விபரங்களில் இது தெரியாது. நீண்ட நேரச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டும் பழக்கத்துக்கு இது நல்ல மருந்து.

ஆனால் அன்றாட வேலை என்று வந்தால் இந்தப் புள்ளிகள் அளப்பது மிகச் சொற்பம். முன்பு நினைவகக் கட்டுப்பாடு போட்டிலுள்ள சிப்செட்டில் இருந்தது. அதனால் போட்டுக்குப் போட் வேகம் மாறியது. 2003இல் ஏஎம்டியின் அத்லன் 64 அதைப் புரொசசருக்குள் கொண்டுபோனது. 2008இல் இன்டெல்லும் அதே வழிக்கு வந்தது. அதன் பிறகு, ஒரே புரொசசரைப் பூட்டிய இரண்டு போட்களுக்கு இடையே கடிதம் ரைப் செய்வதிலோ படிவம் நிரப்புவதிலோ கையில் உணரக்கூடிய வித்தியாசம் இல்லை. அதே போட்டில் சோதனையை மறுமுறை ஓட்டினாலே அந்தளவு ஏற்ற இறக்கம் வரும். பட்டியலில் முதலாம் இடமும் ஐந்தாம் இடமும் பல வேளைகளில் ஒரே இடம்தான்.

இதைவிடப் பெரிய குறை, புள்ளிக்காகவே போட் செய்யும் பழக்கத்தை இந்தப் போட்டி வளர்த்துவிட்டது. புரொசசருக்கு வகுத்த மின்வரம்பைத் தளர்த்தி, அதையே தொழிற்சாலை அமைப்பாக வைத்து அனுப்பும் போட்கள் வந்தன. 2023இல் சில ரைசன் 7000 புரொசசர்கள் சொக்கட்டோடு கருகின. ஏஎம்டி ஒரு மின்னழுத்தத்தை 1.3 வோல்ற்றுக்குள் கட்டுப்படுத்தச் சொன்னது. 2024இல் இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறைப் புரொசசர்கள் தடுமாறியபோது, மைக்ரோகோட் கேட்ட மிகை மின்னழுத்தத்தோடு போட்களின் தளர்ந்த மின்வரம்புகளும் விசாரணைக்கு வந்தன. ஓரிரு வீதம் கூடுதல் புள்ளிக்குப் பொருளின் ஆயுளைப் பணயம் வைப்பது, அதை வாங்கியவருக்குச் செய்யும் நன்மை அல்ல.

அடுத்தது, சோதனை நடக்கும் இடம். அங்கே குளிரூட்டி உண்டு, சீரான மின்சாரம் உண்டு. ஸ்கந்தபுரத்தில் தகரக் கூரையின் கீழ் நடக்கும் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் பகல் வெக்கை 35 பாகையை எட்டும். மின்தேக்கிகளுக்கு ஒரு கணக்கு உண்டு: வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். 22 பாகையில் போட்ட புள்ளி இந்தக் கணக்கைச் சொல்லாது. கோடையின் புழுதியையும், ஐப்பசி இடி மின்னலையும் சொல்லாது. மின்னல் விழுந்தாலும் கருகிய அடையாளம் இருந்தாலும் உத்தரவாதம் இல்லை என்று போட் வாங்கிய பில்லின் அடியில் அச்சடித்திருப்பார்கள். ஒரு வருட உத்தரவாதம் என்பதற்கு 350 நாள் என்று அதிலேயே கணக்கும் இருக்கும்.

அந்தப் போட்டோக்கொப்பிக் கடையில் எச் 61 சிப்செட் கொண்ட பழைய போட் ஒன்று காலையில் எப்படி எழும்பும் என்று பார்த்தால் விளங்கும். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை அதன் கடிகாரம் ஓடும். இரவு கரண்ட் நின்றிருந்தால், சிஆர் 2032 பட்டறியும் செத்திருந்தால், திகதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். பரீட்சை விண்ணப்பத்தோடு பிள்ளை வாசலில் காத்திருக்க, உலாவி ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று பக்கத்தைத் திறக்க மறுக்கும். இணையத்தளச் சான்றிதழ் இன்னும் வழங்கப்படவே இல்லை என்பது அதன் கணக்கு. அன்றாட வேலையில் போட்டின் செயற்றிறன் என்றால் இதுவும்தான். இதற்கு எந்தப் பட்டியலிலும் புள்ளி இல்லை.

அதற்காகப் பழசே போதும் என்று சொல்லவும் முடியாது. 2011இல் வந்த எச் 61இல் ரம்முக்கு இரண்டு இடம்தான். சாட்டா வேகமும் செக்கனுக்கு 3 கிகாபிட்தான். எஸ்எஸ்டி பூட்டினால் அதன் உச்ச வேகத்தில் பாதிதான் கிடைக்கும். ஆனாலும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்து மாறியவருக்கு அந்தப் பாதியே போதும். சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடியெடுப்பதில்தான் உண்மையான நேரம் மிச்சமாகிறது. எச் 61இன் முட்டுக்கட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 2025 ஒக்டோபரில் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0உம், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைப் புரொசசரும் எச் 61க்கு எட்டாதவை. 2018இல் வந்த எச் 310 அந்தப் படியைத் தாண்டிவிடும். பாவித்த பொருள் வாங்குபவருக்கு இந்த எல்லைக்கோடு நூறு புள்ளிகளைவிடப் பெரிது.

ஆகவே ஒப்பீடு வேண்டாம் என்பதல்ல வாதம், அளவுகோல் மாறவேண்டும். திடீரென்று மின்சாரம் போய் வந்தால் போட் தானாக எழும்புகிறதா, 35 பாகையில் அரை நாள் வேலை செய்தால் எவ்வளவு சூடேறுகிறது, பட்டறி எளிதில் கழற்றக்கூடிய இடத்தில் இருக்கிறதா, கிளிநொச்சியிலேயே திருத்த முடியுமா, எத்தனை வருடத்துக்குப் புதிய மென்பொருளை ஏற்கும் என்ற கேள்விகளுக்கும் புள்ளி போடவேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நடந்த நாட்டில் இவை ஓரத்துக் கேள்விகள் அல்ல. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வன்னிக்கு, இயந்திரத்தை அதன் தாக்குப்பிடிப்பால் மதிப்பிடுவது புதிய பாடமும் அல்ல.

அப்படியொரு பட்டியல் வரும்வரை, வாங்கப்போகிறவர் புரொசசரின் தலைமுறையைப் பார்த்து, அதற்குப் பொருந்தும் நடுத்தர போட் ஒன்றோடு நிற்பது புத்தி. முதலாம் இடத்துப் போட்டுக்குக் கொடுக்க நினைத்த மிச்சக் காசை எஸ்எஸ்டிக்கும் யூபிஎஸ்ஸுக்கும் போட்டால், ரைப் செய்த கடிதம் கரண்ட் நின்றாலும் மிஞ்சும்.