பெயரும் வழியும்

பிள்ளைகளுக்கு நாம் முதன்முதலில் அளிக்கும் சொத்து பெயர். திருமுழுக்குத் தொட்டியருகே கொடுக்கப்படும் அது, கல்லறைச் சிலுவை வரை உடன் வருகிறது. அதனை அவர்கள் போற்றுவார்களா, புறக்கணிப்பார்களா என்ற கவலை பெற்றோர் எல்லாருக்கும் உண்டு. புகழ்பெற்ற நடிகர் ஒருவரின் குடும்பத்தில் இக்கவலை தலைகீழாயிற்று: அங்கே பெயரைக் கைவிட்டவர் தந்தை, காத்தவர் மகன். அம்மகன் தம் தந்தைக்காக ஆக்கிய ஒரு திரைப்படத்தை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

ஸ்பெயினின் கலீசியா நாட்டுப்புறத்திலிருந்து குடியேறிய தந்தைக்கும், அயர்லாந்துத் தாய்க்கும் 1940இல் அமெரிக்காவில் பிறந்தவர் ரமோன் எஸ்தெவெஸ். நடிக்க வந்தபோது, ஸ்பானியப் பெயருக்கு வாய்ப்புகள் எளிதில் கிட்டவில்லை. எனவே, தொலைக்காட்சி மறையுரைகளால் புகழ்பெற்றிருந்த ஆயர் ஃபுல்டன் ஷீனின் பெயரைத் தழுவி, ‘மார்ட்டின் ஷீன்’ ஆனார். அம்மாற்றத்திற்காகத் தாம் வருந்துவதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகக் கூறினார். 1977இல் மாரடைப்பால் சாவின் விளிம்பைத் தொட்டவர், 1981இல் பாரிசில் மீண்டும் திருச்சபையின் அரவணைப்புக்குத் திரும்பினார்.

அவருடைய தலைமகன் எமிலியோ 1962இல் பிறந்தார். திரையுலகில் நுழைந்தபோது ‘ஷீன்’ என்ற பெயர் ஆயத்தமான முதலீடாகக் காத்திருந்தது. இளவல் சார்லி அதனை ஏற்றார். எமிலியோவோ பாட்டனாரின் ‘எஸ்தெவெஸ்’ என்ற பெயரோடே நின்றார். ‘தி அவுட்சைடர்ஸ்’ (1983), ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ (1985), ‘தி மைட்டி டக்ஸ்’ (1992) ஆகியவை நடிகராக அவருக்குப் புகழ் தந்தன. ஆனால் அவர் உள்ளம் நாடியது இயக்கத்தையே. தாமே எழுதி, இயக்கி, நடித்த ‘விஸ்டம்’ (1986) கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அவர் சோர்ந்துவிடவில்லை. ‘தி வார் அட் ஹோம்’ (1996) படத்தில், வியட்நாம் போரிலிருந்து உடைந்த மனத்தோடு வீடு திரும்பும் மகனாக அவர் நடிக்க, அவனைப் புரிந்துகொள்ளாத தந்தையாக மார்ட்டின் ஷீனே நடித்தார். அப்படத்தில் ஆறாமல் நின்ற புண்ணுக்கு மருந்து தேடியதுபோல் வந்தது ‘தி வே’ (2010).

முனைவர் பட்ட ஆய்வைப் பாதியில் விட்டு உலகைக் காணப் புறப்படுகிறான் டானியேல். கண் மருத்துவரான தந்தை டாமுக்கு அது வீண் அலைச்சல். கோல்ஃப் ஆடிக்கொண்டிருக்கையில், பிரனீஸ் மலையில் புயலில் சிக்கி மகன் இறந்த செய்தி வருகிறது. உடலைப் பெறச் செல்பவர் திரும்பவில்லை. மகனின் சாம்பலை அவனது முதுகுப்பையில் சுமந்துகொண்டு, அவன் தொடங்கிய திருப்பயணத்தை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடந்து முடிக்கிறார். செல்லுமிடம் திருத்தூதர் யாக்கோபின் திருத்தலம், சந்தியாகோ. நம் கடற்கரை ஊர்களில் ‘சந்தியாகப்பர்’ என்று நாம் அழைப்பதும், பிள்ளைகளுக்குச் சந்தியாகு என்று பெயரிடுவதும் அவரை முன்னிட்டே.

டானியேலாக எமிலியோவும் டாமாக மார்ட்டின் ஷீனும் நடித்துள்ளனர். தந்தையை நடக்க வைப்பதற்காக மகன் தன்னையே இறந்தவனாக்கிக்கொண்டான் என்று சொல்லத் தோன்றுகிறது. நற்செய்தியில் தொலைநாடு செல்பவன் இளைய மகன். தந்தை வீட்டில் காத்திருக்கிறார். இங்கே தொலைநாடு செல்பவர் தந்தை. வழியெங்கும் கணநேரத் தோற்றங்களாய்க் காத்திருப்பவன் மகன்.

குறைகள் இல்லாமலில்லை. உடன் நடக்கும் மூவரும் ஆளுக்கொரு குறைபாட்டின் உருவங்களாகவே தொடக்கத்தில் நிற்கின்றனர். மௌனம் பேசவேண்டிய இடங்களைப் பாடல்கள் நிரப்பிவிடுகின்றன. ஆயினும், சமயத்தைக் கையாளும் அடக்கம் பாராட்டுக்குரியது. நோயுற்ற குரு ஒருவர், விசுவாச வாழ்வை விட்டு விலகிய டாமிடம் ஒரு செபமாலையைக் கொடுக்கிறார், வற்புறுத்தவில்லை. பேராலயத்தில் மாபெரும் தூபக்கலசம் ஊசலாடுகையிலும், மனமாற்றத்தை எவரும் முழங்கவில்லை.

படத்தின் உயிர்நாடியோ ஓர் எளிய அலுவலகக் காட்சியில் இருக்கிறது. பயணம் முடித்ததற்கான சான்றிதழில் தம் பெயருக்குப் பதிலாக மகனின் பெயரை எழுதுமாறு டாம் கேட்கிறார். பிழைப்புக்காகத் தம் தந்தையின் பெயரை ஒருநாள் ஒதுக்கி வைத்த நடிகர், முதுமையில், திரையில், தம் பெயரை ஒதுக்கி மகனின் பெயரை எழுதச் செய்கிறார். கதையை எழுதியவர் அவருடைய சொந்த மகன். கலீசியாவில் பிறந்த பாட்டனார் பிரான்சிஸ்கோ எஸ்தெவெஸுக்கே இப்படத்தை அம்மகன் காணிக்கையாக்கியும் இருக்கிறார். பாட்டனார் விட்டுவந்த மண்ணில், அவர் மகனை நடக்க வைத்திருக்கிறார் பேரன்.

கோயிலை விட்டு, ஊரை விட்டு, நாம் வகுத்த பாதையை விட்டு விலகிச் சென்ற பிள்ளைகளுக்காக நம் இல்லங்களில் எத்தனை செபமாலைகள் சொல்லப்படுகின்றன! அவர்கள் திரும்பி வரவேண்டும் என்பதே நம் மன்றாட்டு. அவர்கள் சென்ற வழியில் நாமும் சில அடிகள் நடந்து பார்க்கவேண்டும் என்று நாம் மன்றாடியதுண்டா? டாம் அதைச் செய்தார். ஆனால் மகன் இறந்த பின்னர். நம் பிள்ளைகள் உயிரோடிருக்கிறார்கள்.