சோளகம் எழும்பினால் எங்களுக்கும் மலைதான்

சோளகம் எழும்பிவிட்டால் போதும், அரியாலைக்காரருக்கு மலை வந்துவிடும். வைகாசிக் கடைசியில் பிடித்துப் புரட்டாதி மட்டும் கடனீரேரியைத் தடவிக்கொண்டு தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று அது. அதற்கு முகம் கொடுத்து நாவற்குழிப் பாலத்தில் ஒருதரம் சைக்கிள் உழக்கிப் பாருங்கள். றோட்டு சமதரை, கண்ணுக்குத் தெரிந்த ஏற்றம் ஒன்றும் இல்லை. ஆனாலும் செயின் பின்னுக்கு உள்ள பெரிய பல்லுச் சில்லில் ஏறி நிற்கும், தொடை எரியும், சைக்கிள் அசையமாட்டேன் என்று நிற்கும். என்ன சுகம் தெரியுமா! அந்தப் பாலத்தில் பட்ட பாட்டை நினைத்து நினைத்துத்தான் நான் கிழமை நாட்களைக் கந்தோரில் கழிக்கிறேன்.

"மலையில்லாத ஊரில மலைச் சைக்கிளோ தம்பி?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்கிறவர்கள் கேட்கட்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை என்ற பெயரோடு இருப்பது கீரிமலை. அங்கே போனால் கேணிக்குள் இறங்கத்தான் படி இருக்கிறது, ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. முழுக்கச் சுண்ணக்கல்லுத் தட்டு எங்கள் நிலம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தட்டை என்பதற்காக எல்லாம் ஒரே தரை என்று நினைத்துவிடாதீர்கள். வடக்கே கோப்பாய், நீர்வேலிப் பக்கம் செம்பாட்டு மண், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே குச்சொழுங்கைகள். கிழக்கே பாலம் தாண்டினால் தென்மராட்சி மணலும் பனங்கூடலும். இன்னும் போனால் மணற்காட்டில் அசல் மணற்குன்று. மேற்கே தீவுப் பக்கம் திரும்பினால் முருகைக்கல்லு. மழைக்காலத்தில் வரம்பு வழியும் சேறு வழியும் வேறு. இத்தனை மண்ணையும் இவ்வளவு கிட்டத்தில் ரயருக்குக் காட்டுகிற ஊர் வேறெங்கே இருக்கிறது?

இதற்கெல்லாம் புறப்படுவதற்கு அரியாலையை மிஞ்சிய இடம் இல்லை என்பேன். ஊர்ப்பற்று என்று நீங்கள் சிரிக்கலாம். கண்டி வீதியிலிருந்து தெற்கே இறங்குகிற ஒழுங்கை எதில் திரும்பினாலும் கொஞ்ச நேரத்தில் கடனீரேரியில் கொண்டுபோய் விடும். மணியந்தோட்டம், பூம்புகார் என்று கரையோரம் போகப் போக வீடுகள் குறைந்து தரவை விரியும். ஆடி, ஆவணியில் தண்ணீர் பின்வாங்கியிருக்கும். காய்ந்து பாளம் பாளமாக வெடித்த சேற்றின் மேல் சில்லு ஓடும்போது ஒரு சத்தம் வரும், அப்பளம் நொறுங்குகிற மாதிரி. தூரத்தில் களங்கட்டிக் கம்புகளும் அதன் மேல் கொக்குகளும். காலை ஆறு மணிக்கு அங்கே நிற்கக் கொடுத்துவைக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை மட்டும்: மேலே காய்ந்திருப்பதை நம்பித் தண்ணீர் விளிம்புக்குக் கிட்டப் போகாதீர்கள். அடியில் களி இருக்கும். சில்லு அச்சு மட்டும் தாழ்ந்தால் பிறகு சைக்கிள் எங்களில் ஏறித்தான் வரவேண்டும்.

எங்கள் கூட்டத்துக்குப் பெயர் இல்லை, தலைவர் இல்லை, சந்தா இல்லை. ஞாயிறு விடியப்புறம் கண்டி வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் யார் வந்து நிற்கிறார்களோ அவர்கள்தான் கூட்டம். மேசன் வேலை செய்கிற தம்பி ஒருவன் பழைய லுமாலாவின் முன் போர்க்கைக் கழற்றி வேறொன்று பூட்டிக்கொண்டு வருவான். ஆஸ்பத்திரியில் இரவுக் கடமை முடித்து நேரே வந்து சேர்கிற தாதி அக்கா, நித்திரை முகத்தோடு வந்து எல்லாரையும் முந்திக்கொண்டு போவா. தபால் கந்தோரில் வேலைபார்த்து ஓய்வு பெற்ற ஐயாவிடம் இருப்பது றலி. கியர் இல்லை, சொக் இல்லை, கரியரும் மட்காட்டும் ஸ்ராண்டும் இருக்கிறது. ஒன்றரை அங்குல ரயரை வைத்துக்கொண்டு தரவையில் அந்த மனிசன் காட்டுகிற வித்தையை நாங்கள் இரண்டே கால் அங்குல ரயரோடு செய்ய முடியாமல் நிற்போம். "காலில இருக்கிறதை ரயரில தேடாதையுங்கோ" என்பார். கேட்க எரிச்சலாக இருக்கும், ஆனால் அது உண்மை.

சுவிஸிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற அண்ணை ஒருவர் இருக்கிறார். அங்கே அல்ப்ஸ் மலையில் ஓடுகிறவர், காபன் சட்டம் என்ன, எண்ணெய் பிறேக் என்ன என்று எல்லாம் தெரிந்தவர். முதல் நாள் எங்களோடு தனங்கிளப்பு வரை வந்தார். போகும்போது சோளகம் முதுகில், பறந்தார். "சும்மா ரவுண்ட் அடிக்கிற மாதிரி இருக்கடா" என்றுகூடச் சொன்னார். திரும்பும்போது பாலத்தில் அதே சோளகம் நேரே முகத்தில். பாதிப் பாலத்தில் இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "அங்க ஏறினா ஒரு இறக்கம் வருமடா, இதுக்கு இறக்கம் எங்க?" என்று கேட்டார். இறக்கம் வாடைக்குத்தான் அண்ணை, கார்த்திகையில் வாங்கோ என்றோம். அவருக்கு அப்போது லீவு கிடைக்காது.

மணற்காட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. கோப்பாய், புத்தூர் தாண்டி வல்லை வெளிக்கு வந்தால் அங்கே காற்றுத் தனி ரகம். முனி அடிக்கும் என்று பழசுகள் சொல்லும் வெளி அது. எனக்கென்னவோ அந்த முனியும் காற்றுத்தான் என்று தோன்றும். அதைக் கடந்து வடமராட்சிக் கிழக்குப் பக்கம் திரும்பிச் சவுக்கங்காட்டுக்குள் நுழைந்தால் தரை முழுக்கச் சவுக்கு ஊசி விழுந்து மெத்தை போட்டிருக்கும். சத்தமே இல்லாமல் சைக்கிள் போகும். காடு முடிந்தால் வெள்ளை மணல், குன்று குன்றாக. மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கிற பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் அங்கேதான் நிற்கின்றன.

மணலில் ஓடுவது தனிக் கலை. றோட்டில் 40 இறாத்தல் காற்றோடு ஓடுகிற ரயரை 20க்குக் கிட்ட இறக்கவேண்டும். வால்வை நகத்தால் அமத்திப் பிடித்து, பெருவிரலால் ரயரை நெரித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விடுவோம். அமத்தினால் ரயர் மணலில் பரவிக் குந்தவேண்டும், ஆனால் றிம் தரையில் இடிக்கக்கூடாது. மணலுக்குள் இறங்குமுன்பே சின்னக் கியருக்கு வந்துவிட வேண்டும், இறங்கிய பிறகு மாற்றினால் செயின் கழன்றுவிடும். உடம்பைப் பின்னுக்கு வைத்து, ஹான்டிலை இறுக்காமல், முன்சில்லைத் தன்பாட்டில் அலைய விட்டுவிட்டு, கால் மட்டும் ஒரே சீராகச் சுற்றவேண்டும். ஹான்டிலை வெட்டித் திருப்பினால் விழுகைதான். விழுந்தாலும் என்ன, மணல்தானே! ஒரு குன்றில் பாதி தூரம் உழக்கி ஏறிவிட்டு நாங்கள் போடுகிற கூச்சலைக் கேட்டால் எவரெஸ்ட் ஏறியவன் வெட்கப்படுவான்.

நெருஞ்சி முள்ளுக்கு நாங்கள் எல்லாரும் சமம். தென்மராட்சி ஒழுங்கைகளில் ஒட்டுப் போடாத ஞாயிறு குறைவு. கடையென்றால் தண்ணிச் சட்டியில் ரியூப்பை அமுக்கிக் குமிழி பார்ப்பார்கள். வெளியில் ஏது சட்டி? காற்றடித்த ரியூப்பைக் கன்னத்துக்குக் கிட்டப் பிடித்து மெல்ல மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் ஊசி முனை அளவுக்குச் சில்லென்று படும். அதுதான் ஓட்டை. மண்கடதாசியால் உரஞ்சி, சொலூசன் பூசி, அது காய்ந்து பசைப்பிடிக்கும் வரை பொறுத்துத்தான் ஒட்டை வைக்கவேண்டும். எல்லாரும் அவசரப்படுவது அந்தப் பொறுக்கிற நேரத்தில்தான். எங்களோடு வருகிற பெடியளில் பொறுமை யாருக்கு இருக்கிறது என்று பார்ப்பதற்கு அதைவிடச் சோதனை தேவையில்லை. ஒட்டுப் போடுகிற நேரத்தில் பக்கத்து வளவிலிருந்து யாராவது ஒரு அம்மா எட்டிப் பார்ப்பா. "எந்த ஊர்ப் பிள்ளையள்?" என்பா. அடுத்ததாக ஒரு செம்பில் மோர் வரும். இது எல்லா முறையும் நடப்பதில்லை, ஆனால் நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் வீட்டு வாசல் பார்த்து ஒட்டுப் போடுகிறோம்.

கலிபோர்னியாவில் மரின் என்ற பகுதியில்தான் இந்த மலைச் சைக்கிள் விளையாட்டுப் பிறந்தது என்பார்கள். 1930, 40களில் பத்திரிகை போடுகிற பெடியள் ஓடிய பாரமான பழைய ஷ்வின் சைக்கிள்களைப் பொறுக்கியெடுத்து, 1976 ஒக்ரோபர் 21இல் ஒரு மலைப்பாதையில் மேலிருந்து கீழே போட்டி வைத்தது அங்கத்தைய ஒரு கூட்டம். பின்னுக்கு உழக்கினால் பிடிக்கிற பிறேக்குத்தான் அதில் இருந்தது. ஏறக்குறைய 400 மீற்றர் இறக்கத்தை மூன்றரைக் கிலோமீற்றருக்குள் இறங்கி முடிக்கும்போது ஹப்புக்குள் இருந்த கிறீஸ் எல்லாம் எரிந்து புகையும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் திரும்ப அடைக்கவேண்டும். அந்தக் கூட்டத்திலிருந்த ஜோ பிறீஸ், கேரி பிஷர், சார்லி கெலி ஆகியோராலும் ரொம் றிச்சி போன்றவர்களாலும் அது தொழிலாகி, 1996இல் அத்லாந்தா ஒலிம்பிக் வரை போனது. இதை நான் ஆர்வமாகத் தபால் கந்தோர் ஐயாவுக்குச் சொன்னேன். பிளேன்டியை ஊதிக்கொண்டே கேட்டார். "உதைத்தானே நாங்களும் செய்தனாங்கள். ஒருத்தரும் படம் எடுக்கேல்லை" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. 1990இல் பொருளாதாரத் தடை விழுந்து பெற்றோலும் பற்றரியும் இல்லாமற் போனபோது ஊரே சைக்கிளில் ஏறியது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. ஆனையிறவும் சங்குப்பிட்டியும் அடைபட்டுக் கிடந்த நாட்களில் கிளாலியில் இரவோடிரவாகப் படகேறிச் சைக்கிள்கள் கடனீரேரியைக் கடந்தன. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நாங்கள் இன்று கூச்சல் போட்டுக்கொண்டு ஓடுகிற இதே கண்டி வீதியும் நாவற்குழிப் பாலமும்தான் முக்கிய வழி. அன்றைக்குச் சைக்கிள் ஓடுவதற்கு இல்லை, சாமான் கட்டி உருட்டுவதற்கு. 2022இல் பெற்றோலுக்கு வரிசை நின்று களைத்த சனம் மறுபடி கொட்டிலுக்குள் கிடந்த சைக்கிளை இழுத்து எண்ணெய் விட்டது. எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான்.

காட்டுவழி ஓடுகிறவர்களுக்கு ஒரு சட்டம் இங்கே உண்டு. மாட்டுவண்டித் தடமோ ஆள் நடந்த தடமோ இல்லாத இடத்தில் சில்லு வைக்கக்கூடாது. 2000ஆம் ஆண்டில் சண்டை அரியாலை, கொழும்புத்துறை வரை வந்தது. முகமாலைப் பக்கம் ஹலோ ட்ரஸ்ட் போன்றவை வருடக்கணக்காக மிதிவெடி அகற்றி வந்திருக்கின்றன. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் எவ்வளவு நல்ல குறுக்குவழியாக இருந்தாலும் திரும்பிவிடுவோம். புதிதாக வருகிறவருக்குப் பிறேக் பிடிக்கப் பழக்குமுன் இதைத்தான் பழக்குவது. செம்மணியைக் கடக்கும்போதும் கதை தானாக நின்றுவிடும். 1999இல் அங்கே மனிதப் புதைகுழிகளைத் தோண்டினார்கள். 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில் மறுபடி தோண்டி, சின்னப் பிள்ளைகளின் எலும்புகளையும் எடுத்தார்கள். எங்களுக்குக் கிழக்கே போக அந்த வழிதான். போகிறோம்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தரவையில் ஓடிவிட்டு வந்து "பின்னேரம் கழுவுவம்" என்று சைக்கிளைச் சாத்தி வைத்தால் கதை முடிந்தது. மறுநாள் செயினில் செம்மஞ்சளாகக் கறள் பூத்திருக்கும். வந்த கையோடு கிணற்றடிக்குக் கொண்டுபோய் நல்ல தண்ணீர் வாளி வாளியாக ஊற்றி, பழைய பல்லுத்தூரிகையால் ஒவ்வொரு கண்ணியாக உரஞ்சி, துடைத்துக் காயவிட்டு எண்ணெய் போடவேண்டும். அம்மா இதைப் பார்த்து, "உன்ர முதுகை இப்பிடி ஒருநாள் தேய்ச்சிருக்கிறியோ?" என்பா.

மலைநாட்டுக்குப் போவோம் என்று ஒரு கோஷ்டி கொஞ்ச நாளாக அரித்துக்கொண்டிருக்கிறது. ஹப்புத்தளை, எல்ல, பீக்கோ ட்ரெயில் என்று அலைபேசியில் படம் காட்டுகிறார்கள். போகட்டும், நல்ல இடங்கள்தான். ஆனால் என் வாக்கு நெடுந்தீவுக்கு. குறிகாட்டுவானில் சைக்கிளைப் படகில் ஏற்றி இறக்கினால், முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளுக்கு நடுவே கல்லு ஒழுங்கைகள், வெளியில் காட்டுக் குதிரைகள், ஒரு பெருக்கு மரம். வாடை ஓய்ந்து சோளகம் எழும்பாத மாசி, பங்குனியில் கடல் அடங்கியிருக்கும். மேசன் தம்பி எத்தனை ரியூப் கொண்டுபோவது என்று இப்போதே கணக்குப் போடுகிறான். குதிரைக்குக் கிட்ட ஒருவரும் மணி அடிக்கக்கூடாது என்று தாதி அக்கா சட்டம் போட்டுவிட்டா. முருகைக்கல்லு ரயரைக் கிழிக்கும், புதுசு ஒன்று மாட்டுங்கோ என்று ஐயாவிடம் கெஞ்சிப் பார்த்தோம். மாட்டாராம். பழசில் இன்னும் பூ இருக்கிறதாம்.